ட்ரெயில் வைத்த கல்யாண கவுனுக்கு வீட்டிலேயே அடி மடிப்பது எப்படி?

#1 ஜெசி_பெரம்பூர்

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு இன்னும் 16 நாளில் கல்யாணம். கோவிலில் (சர்ச்) இரண்டாவது கல்யாண ஓலையும் (அறிவிப்பு) வாசித்துவிட்டார்கள். தவக்காலத்துக்கு முன்னால் கிடைத்த கடைசித் தேதி என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை.

கவுன் டொரொண்டோவிலிருந்து அத்தை அனுப்பியது. அங்கே ஒரு பெண் ஒரே முறை உடுத்திவிட்டு விற்றதாம். மார்பு, இடுப்பு எல்லாம் தங்கைக்கே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. உயரம்தான் வம்பு. அவள் 5 அடி 1 இஞ்ச். 2 இஞ்ச் ஹீல்ஸ் போட்டு நின்றாலும் முன்பக்கம் 4 இஞ்ச் துணி தரையில் குவிகிறது. பின்னால் தரையில் இழுபடுகிற ட்ரெயில் வேறு, ஒன்றரை மீட்டர் இருக்கும்.

மொத்தம் நான்கு அடுக்கு. வெளியே லேஸ் கரை வைத்த நெட், அதற்குள் வெறும் நெட், அப்புறம் சாட்டின், கடைசியில் லைனிங். சாட்டினின் அடியில் பிளாஸ்டிக் வலை மாதிரி விறைப்பாக ஒரு நாடா சுற்றிவர ஓடுகிறது. அது எதற்கென்று புரியவில்லை.

ஒரு கடையில் 7,000 ரூபாய் கேட்டார்கள். இன்னொருவர் ட்ரெயிலைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வீட்டில் அம்மாவின் பழைய உஷா கால் மிஷின் இருக்கிறது. சுடிதார், பிளவுஸ், பிள்ளைகளுக்கு ஃபிராக் எல்லாம் தைப்பேன். சுற்றிலும் ஒரே அளவாக 4 இஞ்ச் வெட்டி மடித்துவிட்டு, லேஸை எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

#2 சும்மா_வந்தவன்

பெரம்பூரில் இருந்துகொண்டு ட்ரெயினை வெட்டப் போகிறேன் என்கிறீர்கள். பக்கத்தில்தானே ஐசிஎஃப், 1955லிருந்து ரயில் பெட்டி செய்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

#3 கத்தரிக்கோல்

சுற்றிலும் வெட்டாதீர்கள் அம்மா. நான் 26 வருஷமாகத் தைக்கிறேன். கவுனைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் செய்திருப்பது இதைத்தான்.

தங்கைக்கு இடைஞ்சல் முன்பக்கத் துணிதான். நடக்கும்போது கால் அதில்தான் சிக்கும். ட்ரெயில் எப்படியும் தரையில் கிடக்கப் போகிறது. உடுத்துகிறவர் குள்ளமானால் இன்னும் 4 இஞ்ச் கூடுதலாகக் கிடக்கும், அவ்வளவுதான். யாருக்கும் அது தெரியாது, பார்க்க இன்னும் அழகாகக்கூட இருக்கும். அதனால் ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல் வரை, முன்பாதியை மட்டும் முழு அளவு குறைக்க வேண்டும். பக்கத் தையலைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், ட்ரெயில் தொடங்கும் இடத்தில் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். ட்ரெயில் பக்கம் கத்தரியே போகக் கூடாது.

சுற்றிலும் 4 இஞ்ச் எடுத்தால் லேஸ் கரை முழுவதையும் பிரிக்க வேண்டி வரும். ட்ரெயிலின் வளைவைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய பாடு. வேலை மூன்று மடங்கு, பலன் ஒன்றுமில்லை.

#4 முத்துநகர்க்காரி

ஏன் கவுன்? எங்கள் பக்கம் பூசைக்கு வெள்ளைப் பட்டும் தலையில் நெட்டும்தான். அடி மடிக்கிற தொல்லையே கிடையாது :)

#5 ஜெசி_பெரம்பூர்

அக்கா, அந்தச் சண்டையெல்லாம் வீட்டில் ஆறு மாதம் முன்னாலேயே நடந்து முடிந்தது. தங்கை ஜெயித்துவிட்டாள். ரிசப்ஷனுக்குப் பட்டு என்று சமாதானமாகியிருக்கிறோம்.

கத்தரிக்கோல் அண்ணா, நல்லவேளை கேட்டேன். கத்தரியை எடுத்து மேசை மேல் வைத்திருந்தேன், திரும்ப டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

#6 பூங்கொடி

எனக்கு வேறு யோசனை. லேஸ் கரை இருக்கிற கவுனுக்கு அடியைத் தொடவே கூடாது. இடுப்புத் தையலை முன்பக்கம் பிரித்து, பாவாடைப் பகுதியை 4 இஞ்ச் மேலே தூக்கித் தைத்துவிட்டால் லேஸ் அப்படியே இருக்கும். என் நாத்தனாரின் கவுனுக்கு அப்படித்தான் செய்தேன். ஒரே நாளில் முடிந்தது.

#7 கத்தரிக்கோல்

அது சுருக்கு வைத்த கவுனாக இருந்திருக்கும். சுருக்கில்லாத ஏ லைன் என்றால் அப்படி வராது. கீழே போகப் போகத் துணி அகலமாகிறது இல்லையா? 4 இஞ்ச் கீழே இருக்கிற அகலமான இடத்தைக் கொண்டுவந்து இடுப்பில் வைத்தால் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், உள்ளே லைனிங்கையும் அதேபோல் பிடிக்க வேண்டும். இடுப்பில் மணி வேலை இருந்தால் அதையும் எடுத்துத் திரும்பக் கோர்க்க வேண்டும்.

#8 பூங்கொடி

பக்கத்தில் பிடிப்பது ஒரு பெரிய வேலையா அண்ணா? பிளவுஸுக்கு வாரம் மூன்று பிடிக்கிறோம். லேஸைப் பிரித்து நெட் கிழிந்தால் எதைக் கொண்டு ஒட்டுவது?

#9 கத்தரிக்கோல்

பிளவுஸுக்கு நான்கு அடுக்கு இல்லை.

#10 ஜெசி_பெரம்பூர்

சண்டை வேண்டாம். இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இந்தக் கவுனுக்கு இடுப்புத் தையலே இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே நீளப் பட்டைகளாக, பிரின்சஸ் கட். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள்.

#11 பூங்கொடி

அப்படியானால் அடிதான். என் யோசனையை வாபஸ் வாங்குகிறேன் :)

#12 ரதி_ஸ்காபரோ

வணக்கம் பிள்ளை. நான் இங்கே ஓர் அல்டரேஷன் கடையில் 11 வருஷமாக வேலை. கல்யாண சீசனில் ஒரு கிழமைக்கு ஏழெட்டு கவுன் அடி மடிப்பேன். கத்தரிக்கோல் ஐயா சொன்னதுதான் சரி. அளவெடுக்கிற விதத்தை மட்டும் நான் வடிவாகச் சொல்லுகிறேன். எல்லாரும் பிழை விடுகிற இடம் அதுதான், தைக்கிற இடத்தில் இல்லை.

முதலாவது, கவுனை ஒரு முழு நாளாவது தொங்கவிட வேணும். பெட்டியில் மடிந்து வந்த துணி கொஞ்சம் இறங்கும். சாய்வாக வெட்டின பட்டை இன்னும் கூடுதலாக இறங்கும்.

இரண்டாவது, கல்யாணத்தன்று போடுகிற அதே செருப்பு, அதே உள்ளாடை, உள்ளே கேன்கேன் (விறைப்பான உள்பாவாடை) போடுவதென்றால் அதே கேன்கேன். "இதே உயரம்தான் அக்கா" என்று வேறு செருப்போடு வருவார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கேன்கேன் ஒன்று பாவாடையை வெளியே தள்ளினால் அடி ஓர் இஞ்ச் மேலே ஏறிவிடும்.

மூன்றாவது, வெறும் தரையில் நிற்க வேணும். மேசையில், முக்காலியில் ஏற்றினால் ட்ரெயில் தொங்கி முன்பக்கத்தைப் பின்னால் இழுக்கும், அளவு பொய்யாகிவிடும். ட்ரெயிலை பின்னால் வடிவாக விரித்துவிடுங்கோ.

நான்காவது, பெண் நேரே பார்த்துக்கொண்டு நிற்க வேணும். குனிந்து பார்த்தால் முன்பக்கம் அரை இஞ்ச் இறங்கும். சுற்றி வருகிறது நீங்கள், அவ திரும்பக் கூடாது. தரையிலிருந்து ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, முன்னால் தரைக்கு முக்கால் இஞ்ச் மேலே அடையாளம் வையுங்கோ. செருப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிற அளவு காணும். பக்கத்துக்கு வரவர அந்த முக்கால் குறைந்து, பக்கத் தையலில் துணி தரையைத் தொட வேணும். அதற்குப் பிறகு ட்ரெயில் பக்கம் போகிற சரிவை, கவுனைக் கழற்றித் தரையில் விரித்து வைத்துத்தான் கோடாகக் கீற வேணும். சரிவு 20 இஞ்ச் நீளத்துக்காவது போகட்டும். குறுகினால் பக்கத்தில் ஒரு படி மாதிரி தெரியும்.

#13 நூலகர்

அந்தப் பிளாஸ்டிக் வலை நாடாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்கு ஆங்கிலத்தில் குதிரைமயிர் நாடா என்றே பெயர். ஒரு காலத்தில் உண்மையாகவே குதிரை மயிரைப் பருத்தி அல்லது ஆளிநூலோடு சேர்த்து நெய்தார்கள். க்ரினோலின் என்ற சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. லத்தீனில் க்ரினிஸ் என்றால் மயிர், லீனம் என்றால் ஆளி. இப்போது வருவது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். பாவாடையின் அடி உள்ளே மடங்கிக் காலில் சுற்றாமல் குடை மாதிரி விரிந்து நிற்க வைப்பது அதன் வேலை.

#14 ரதி_ஸ்காபரோ

சரியாகச் சொன்னீர்கள். அதை எறிந்துவிடாதேங்கோ பிள்ளை. முன்பாதியில் பிரித்து எடுத்துப் புது விளிம்பில் திரும்ப வைக்க வேணும். தைக்கும்போது இழுக்கக் கூடாது, இழுத்தால் அடி முழுக்கச் சுருங்கி நிற்கும். அகல நாடாவின் ஒரு கரையில் ஒரு தடித்த நூல் ஓடும், அதை மெல்ல இழுத்தால் நாடா வளைவுக்குத் தக்கபடி படியும். வெட்டின முனை ஊசி மாதிரிக் குத்தும். லைனிங் துணியில் ஒரு சின்னத் துண்டை அதன் மேல் மூடித் தைத்துவிடுங்கோ. இல்லாவிட்டால் பூசை முழுக்கப் பெண் காலைச் சொறிந்துகொண்டு நிற்பா.

#15 ஜெசி_பெரம்பூர்

ரதி அக்கா, கோடி நன்றி. நேற்று அளவெடுத்தோம். நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஹாலில் சோஃபாவை வெளியே தள்ளிவிட்டு இரண்டு பெட்ஷீட் விரித்தோம். தங்கை செருப்போடு நடுவில். அப்பா பின்னால் முட்டி போட்டு ட்ரெயிலைப் பிடித்துக்கொண்டு, "விட்டுவிடவா, பிடிக்கவா?" என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை கேட்டார். நான் குப்புறப் படுத்து, பள்ளிக்கூடத்து மர ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, இரண்டு இஞ்சுக்கு ஒரு குண்டூசி. முன்பக்கம் முடிக்கவே முக்கால் மணி நேரம். நடுவில் அவள் போனில் மெசேஜ் வந்ததென்று குனிந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி இறங்கி ஸ்கேலில் அரை இஞ்ச் மறைந்தது. நீங்கள் சொன்னது அப்படியே கண்ணில் தெரிந்தது. போனைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அளவு இப்படி வந்திருக்கிறது: முன் நடுவில் நாலே முக்கால், பக்கத் தையலில் சரியாக 4, அங்கிருந்து 26 இஞ்ச் தள்ளிப் பூஜ்யம். இடதும் வலதும் கால் இஞ்ச் வித்தியாசம் வந்தது. தங்கை ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாளோ என்று இரண்டாம் முறையும் எடுத்துப் பார்த்தேன். அதேதான் வந்தது.

இப்போது இரண்டு கேள்வி. எந்த அடுக்கில் தொடங்குவது? லேஸ் கரையை மேலே ஏற்றினால் நீளம் மிஞ்சுகிறதே, அதை என்ன செய்வது? முன்பாதியில் கரை 64 இஞ்ச், புதுக் கோடு 59தான் வருகிறது.

#16 கத்தரிக்கோல்

கால் இஞ்ச் வித்தியாசத்தைத் திருத்தாதீர்கள். இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. துணி அல்ல, அவர் உடம்புதான் அளவு.

லைனிங்கில் தொடங்குங்கள். தப்பு வந்தாலும் உள்ளேயே இருக்கும், கையும் பழகும். லைனிங் சாட்டினைவிட ஓர் இஞ்ச் மேலே நிற்கட்டும், நடக்கும்போது எட்டிப் பார்க்காது. அடுத்து சாட்டின், அடுத்து உள் நெட், கடைசியில் லேஸ் நெட். ஒவ்வோர் அடுக்கையும் தனியாக விரித்து வெட்டுங்கள். நாலையும் சேர்த்து வெட்டினால் ஒன்றுகூட ஒழுங்காக வராது. மேசையில் வெட்டினால் மிச்சக் கவுன் தொங்கித் துணியை இழுக்கும், தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

5 இஞ்ச் மிச்சம் வருவது ஏ லைனில் சகஜம். மேலே போனால் வட்டம் குறுகும். லேஸைச் சுருக்கி மறைக்கப் பார்க்காதீர்கள், உப்பிக்கொண்டு நிற்கும். பக்கத் தையல் இரண்டிலும் இரண்டரை இரண்டரையாக எடுத்துவிடுங்கள். நேராக வெட்டி ஒட்டினால் தெரியும். லேஸில் பூவோ இலையோ இருக்கும், அதன் ஓரத்தையே ஒட்டி வெட்டி, ஒரு பூவின் மேல் இன்னொரு பூவை ஏற்றி வைத்துக் கையால் தையுங்கள். நானே பிறகு தேடினால் கண்டுபிடிக்க மாட்டேன்.

இன்னொன்று. வெட்டிய துண்டுகளை எறியாதீர்கள். பையில் போட்டு வையுங்கள். என்றைக்காவது கேட்பார்கள்.

#17 முத்துநகர்க்காரி

பட்டுப்புடவை என்று கிண்டல் பண்ணினேன், ஆனால் ஒரு கவுனைக் கெடுத்த அனுபவமும் உண்டு. சொல்கிறேன்.

லேஸைப் புது இடத்தில் வைத்துத் தைத்த பிறகுதான் அதற்குக் கீழே மிஞ்சும் நெட்டை வெட்ட வேண்டும். நான் பின்பக்கத்திலிருந்து வெட்டினேன். முன்னால் லேஸின் வளைவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு இடத்தில் லேஸையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டேன். முன்பக்கத்தைப் பார்த்தபடி, நெட்டை இடது கையால் கீழே இழுத்துப் பிடித்து, நுனி மழுங்கிய சின்னக் கத்தரியால் வெட்டு. நெட்டுக்கு நூல் பிரியாது, மடிக்கவே வேண்டாம், வெட்டினபடியே விடலாம். அது ஒன்றுதான் நெட்டில் இருக்கிற புண்ணியம்.

அப்புறம், ஆபீஸ் குண்டூசி போடாதே! தடியாக இருக்கும், சாட்டினில் போட்ட ஓட்டை போகவே போகாது. மெல்லிய கண்ணாடித் தலை ஊசி வாங்கு. அதையும் வெட்டிப் போகப்போகிற பகுதியில் மட்டும் குத்து.

#18 ஜெசி_பெரம்பூர்

ஐயோ, அளவெடுத்தது ஆபீஸ் குண்டூசியில்தான். இப்போதே ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

#19 ஜெசி_பெரம்பூர்

வெளி நெட்டில்தான் குத்தியிருக்கிறேன், சாட்டினுக்குப் போகவில்லை. நெட்டில் ஓட்டை ஏது. தப்பித்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இளநீல நூலில் ஓட்டுத்தையல் போட்டுக் கோடு குறித்திருக்கிறேன்.

#20 பூங்கொடி

நூல்தான் நல்லது. கலர் சாக் போட்டு மேலே அயர்ன் வைத்தால் சாட்டினில் அப்படியே தங்கிவிடும்.

மிஷினைப் பற்றி நான் சொல்கிறேன், கால் மிஷின் என் தெய்வம். வீட்டில் பிளவுஸுக்குப் போடுகிற 16 நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 11 நம்பர் புது ஊசி போடு. பழைய ஊசியின் முனை லேசாக வளைந்திருந்தாலும் சாட்டினில் நூல் இழுத்துக்கொண்டு கோடு விழும். நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்து, தையலைக் கொஞ்சம் பெரிதாக வை, இல்லாவிட்டால் கொசுவிக்கொள்ளும். மிஷினுக்கு எண்ணெய் போட்டிருந்தால் பழைய வேட்டித் துணியில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுப் பிறகு கவுனைக் கொண்டு போ. நெட் மிஷின் பல்லுக்குள் இழுத்துக்கொண்டால் அடியில் வெள்ளை டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்துவிடு. பேப்பர்தானே என்று தினசரிப் பேப்பரை வைக்காதே, மை ஒட்டும்.

#21 நூலகர்

2011இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் கவுனுக்கு லேஸ் வைத்தவர்கள் அரை மணிக்கு ஒரு முறை கை கழுவினார்கள், மூன்று மணிக்கு ஒரு முறை ஊசி மாற்றினார்கள் என்று அரண்மனை அறிவிப்பிலேயே இருந்தது. அந்த ட்ரெயில் 2.7 மீட்டர். டயானாவுடையது 1981இல் 25 அடி. வண்டியிலிருந்து இறங்கும்போது டாஃபெட்டா முழுக்கக் கசங்கியிருந்ததை உலகமே பார்த்தது. ஒன்றரை மீட்டருக்கு அவ்வளவு பயம் வேண்டாம்.

#22 சும்மா_வந்தவன்

அரை மணிக்கு ஒரு முறை கை கழுவ மெட்ரோ வாட்டர் வர வேண்டுமே.

#23 ஜெசி_பெரம்பூர்

ஐந்து நாள் கழித்து வருகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள்.

லைனிங்கில் தப்புப் பண்ணினேன். லைனிங் ஓர் இஞ்ச் மேலே இருக்க வேண்டும் என்று குறித்த கோட்டிலிருந்து ஓர் இஞ்ச் குறைத்தேன். பிறகு மடிப்புக்கு விட வேண்டியதை மறந்து, அந்தக் கோட்டிலேயே வெட்டிவிட்டேன். வெட்டி முடித்து மடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பத்து நிமிஷம் மிஷின் பக்கமே போகவில்லை, அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெட்டிய துண்டிலிருந்தே சாய்வாக வெட்டிக் கிராஸ் பட்டி எடுத்து விளிம்பில் வைத்துத் தைத்துவிட்டேன். உள்ளே இருக்கிறது, யாருக்கும் தெரியாது. லைனிங்கில் தொடங்கச் சொன்ன அண்ணாவுக்கு ஒரு பெரிய கும்பிடு.

சாட்டின் பயந்த அளவு இல்லை. அரை இஞ்ச் விட்டு வெட்டி, நாடாவை நல்ல பக்கத்தில் விளிம்போடு வைத்துக் கால் இஞ்சில் தைத்து, உள்ளே திருப்பினேன். திருப்பியதும் அடி ஒரே வளைவாக எழுந்து நின்றது பாருங்கள், கடையில் வாங்கின மாதிரி! நாடாவின் மேல் விளிம்பைப் பட்டைத் தையல்களின் உள்பக்கத்தில் மட்டும் கையால் எம்மிங் பண்ணியிருக்கிறேன். வெளியே ஒரு தையலும் தெரியவில்லை.

லேஸ்தான் உயிரை எடுத்தது. பிரிக்க மட்டும் இரண்டு இரவு. நெட் நிறத்திலேயே மெல்லிய நூலில் தைத்திருக்கிறார்கள், எது நெட் இழை, எது தையல் நூல் என்று தெரியவில்லை. கடைசியில் லேஸுக்கு அடியில் அப்பாவின் கறுப்புப் பேண்ட்டை விரித்ததும் நூல் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் இலை மேல் இலை ஏற்றியிருக்கிறேன். இடது பக்கம் நன்றாக வந்தது. வலது பக்கம் ஒரு காம்பு இரண்டாகத் தெரிகிறது. சின்ன முத்து இரண்டு வைத்து மறைக்கவா?

#24 ரதி_ஸ்காபரோ

முத்து ஒன்று காணும். இரண்டு வைத்தால் அங்கே என்ன என்று பார்ப்பார்கள்.

கறுப்புப் பேண்ட் நல்ல யோசனை, நானும் கடையில் கறுப்பு வெல்வெட் விரிப்பேன். அயர்ன் பண்ணும்போது கவனம். குறைந்த சூட்டில், மேலே ஒரு வெள்ளைப் பருத்தித் துணி வைத்து, சாட்டினை மட்டும். நெட்டில் சூட்டை வைத்தால் உருகும். தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாட்டினில் சொட்டு அடையாளம் விழும்.

பூசை முடிந்ததும் அந்த ட்ரெயிலை என்ன செய்யப் போறியள்? ஹோலில் சனம் எல்லாம் மிதிக்கும்.

#25 ஜெசி_பெரம்பூர்

பட்டுக்கு மாறும் வரை ஒரு மணி நேரம் இதே கவுன்தான், கேக் வெட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். கையில் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தோம்.

#26 ரதி_ஸ்காபரோ

ஒரு கையில் பூ, ஒரு கையில் மாப்பிள்ளை, ட்ரெயிலை எந்தக் கையில் பிடிப்பா? மேலே தூக்கி மாட்டுகிற பஸில் வையுங்கோ. ஒரு மணி நேர வேலை. ட்ரெயிலை நடுவில் ஓரிடத்தில் பிடித்து இடுப்புக்குப் பின்னால் தூக்கிப் பாருங்கோ, விளிம்பு தரைமட்டத்துக்கு வருகிற இடத்தைக் குறியுங்கோ. அங்கே ஒரு நூல் வளையம், இடுப்பில் லேஸ் பூவுக்குள் மறைகிற மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மொத்தம் மூன்று. நெட்டில் மட்டும் தைக்காதேங்கோ, பாரம் தாங்காமல் கிழியும். சாட்டினையும் பிடித்து, உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்க வேணும். மாட்டத் தெரிந்த ஆள் ஒருத்தர் அன்றைக்குப் பக்கத்தில் இருக்க வேணும், முதல் நாளே பழக்கிவிடுங்கோ.

#27 கத்தரிக்கோல்

கோவில் நடுவழியில் தேங்காய்நார் விரிப்புப் போடுவார்களா என்று விசாரித்துவிடுங்கள். நெட் அதில் மாட்டினால் ஒவ்வோர் அடிக்கும் இழுக்கும். மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்தால் போதும்.

#28 ஜெசி_பெரம்பூர்

கேட்டேன் அண்ணா, நார் விரிப்பேதான்! உபதேசியார் வெள்ளைத் துணி போடச் சம்மதித்துவிட்டார்.

#29 ஜெசி_பெரம்பூர்

முடிந்தது! நேற்றுக் கல்யாணம்.

கவுன் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பீடத்துக்கு முன்னால் மூன்று படி உண்டு, அங்கேதான் எனக்கு மூச்சு நின்றது. செருப்பு நுனி தெரிய ஏறிவிட்டாள். பஸிலில் நடுப் பொத்தான் மட்டும் கேக் வெட்டும்போது தெறித்தது, சேஃப்டி பின் போட்டேன். பொத்தானுக்கு அடியில் துண்டுத் துணி வைக்க மறந்த ஒரே இடம் அதுதான். வலது பக்கத்து முத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு பெரியம்மா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "கடையில் எவ்வளவு வாங்கினான்?" என்றார்.

இப்போது ட்ரெயிலின் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பாக இருக்கிறது. பாலியஸ்டர் என்று உள்ளே சீட்டு இருக்கிறது, தண்ணீரில் துவைக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. மிஷினில் போடலாமா?

#30 பூங்கொடி

மிஷின் வேண்டவே வேண்டாம், லேஸ் சுற்றிக்கொள்ளும். முழுக் கவுனையும் நனைக்க வேண்டாம். மேல் பகுதியை ஒரு பெட்ஷீட்டில் சுருட்டி நாற்காலியில் வைத்துவிட்டு, ட்ரெயிலை மட்டும் ஒரு டப்பில் இறக்கு. வெதுவெதுப்பான தண்ணீர், பட்டுக்குப் போடுகிற திரவ சோப்புக் கொஞ்சம். அரை மணி ஊறட்டும். பிறகு குழந்தைகள் பல் தேய்க்கிற மெத்தென்ற பிரஷ்ஷால், லேஸின் போக்கிலேயே தேய். பிழியாதே, துண்டில் வைத்து அழுத்து. பிளீச் பக்கமே போகாதே, மஞ்சளாகிவிடும். நிழலில் விரித்துக் காயப்போடு. பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காமல் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வை.

#31 ஜெசி_பெரம்பூர்

மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி இருந்தது. நான்காவதில்தான் தெளிந்தது. கவுன் இப்போது அப்பாவின் வேட்டிக்குள் இருக்கிறது.

சித்தி மகளுக்கு மே மாதம் பேசி முடித்திருக்கிறார்கள். நேற்றுப் போன் பண்ணி அந்தக் கவுன் வேண்டும் என்கிறாள். அவள் 5 அடி 5. "வெட்டின துண்டெல்லாம் வைத்திருக்கிறாய்தானே அக்கா?" என்று கேட்டாள். கத்தரிக்கோல் அண்ணா, நீங்கள் சொன்னீர்கள். நான் அதில் மோதிரத்துக்குத் தலையணையும், பூப் போடுகிற பிள்ளைகளுக்கு இரண்டு பையும் தைத்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.